வெப்பமண்டலத் தீவுகளில் கடலில் இறங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குக் குடும்பத்துடன் செல்ல இருப்பதாகவும், உங்களில் இருவருக்கு நீச்சல் சுமாராகத்தான் தெரியும் என்றும், மகன் அலைச்சறுக்குப் பழக விரும்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முன்னறிவிப்பில் அலை உயரம் ஒன்றரை மீட்டர் என்று காட்டுகிறதே, அது பாதுகாப்பான அளவா, எப்படிப்பட்ட கரையில் இறங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

ஒன்றரை மீட்டர் என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி இருக்கிறது, நீங்கள் இறங்கப்போகும் கரை தீவின் எந்தப் பக்கத்தில் உள்ளது, கரைக்கு வந்து சேரும் நீர் எந்த வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது ஆகிய நான்கும் தெரிய வேண்டும். முதல் மூன்றையும் முன்னறிவிப்பும் வரைபடமும் சொல்லிவிடும். நான்காவதைக் கரையில் நின்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பயணிகள் கேட்காமல் விடுவதும், பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமாவதும் அந்த நான்காவதுதான்.

முதலில் தீவின் பக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே தீவின் ஒரு கரை குளம்போல் கிடக்கும் அதே நாளில், அரை மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள இன்னொரு கரையில் வீட்டு உயரத்துக்கு அலை உடைந்துகொண்டிருக்கலாம். ஹவாயின் ஒவாஹுத் தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட பசிபிக்கின் குளிர்காலப் புயல்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதன் வடகரைக்கு அலைகளை அனுப்புகின்றன. வைமியா வளைகுடாவில் அப்போது உலகின் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள். ஜூலையில் அதே வளைகுடாவில் குழந்தைகள் மிதந்து விளையாடுவதைப் பார்க்கலாம். தென்கரையில் உள்ள வைக்கீகிக்கோ, தென் அரைக்கோளத்தில் குளிர்காலமாக இருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில்தான் அலை வளரும். இலங்கையில் பருவக்காற்று இந்த வேலையைச் செய்கிறது: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் ஹிக்கடுவை, வெலிகம போன்ற தென்மேற்குக் கரைகள் கொந்தளிக்க, அந்த மாதங்களிலேயே கிழக்கே அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் நடக்கிறது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரை அமைதியாகிறது. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தில் தென்கிழக்குக் காற்று வீசுவதால் உலுவாட்டு என்ற அலைச்சறுக்குக் கரை இருக்கும் மேற்குப் பக்கத்தில் அலைகள் ஒழுங்காக உடைகின்றன. மழைப்பருவத்தில் காற்று மேற்கே திரும்பியதும் கிழக்குப் பக்கம் மேலாகிறது. ஆகவே விடுதியின் விளம்பரப் படத்தில் கடல் கண்ணாடிபோல் இருந்தால், அது எந்த மாதத்தில் எடுத்த படம் என்று முதலில் கேளுங்கள்.

இனி முன்னறிவிப்பு எண்கள். அதில் காட்டப்படும் உயரம் எல்லா அலைகளின் உயரமும் அன்று. அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருக்கும் நாளில் ஏறத்தாழ மூன்று மீட்டர் அலை ஒன்றிரண்டு வந்து போவது இயல்பு. அத்துடன், அந்த எண் பொதுவாக ஆழ்கடலில் உள்ள உயரத்தைக் குறிப்பது. கரையில் அது என்னவாக மாறும் என்பதை அலைகளுக்கு இடைப்பட்ட விநாடிகளே தீர்மானிக்கின்றன. ஏழு விநாடி இடைவெளியில் வரும் அலை அருகிலுள்ள காற்றால் எழுந்தது. அதன் நீளம் சுமார் 76 மீட்டர். பதினாறு விநாடி இடைவெளியில் வருவது தொலைதூரப் புயலில் பிறந்து பெருங்கடலைக் கடந்து வந்தது; அதன் நீளம் சுமார் 400 மீட்டர். ஒரே உயரம் கொண்டவையாயினும் இரண்டாவது அலை கொண்டுவரும் ஆற்றல் முதலாவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆழம் குறையக் குறைய அது மேலும் நிமிர்ந்து எழும். எரிமலைத் தீவுகளைச் சுற்றிக் கண்டத்திட்டு எனப்படும் ஆழம் குறைந்த கடல்தளம் அகலமாக இராததால், வழியில் அடித்தளத்தில் உராய்ந்து தணியவும் அதற்கு வாய்ப்பில்லை. ஆழ்கடலின் வேகத்தோடு நேராகப் பவளப்பாறையில் வந்து மோதும். எனவே உயரத்தைவிட விநாடிகளைக் கவனியுங்கள். ஒன்றரை மீட்டர், ஏழு விநாடி என்றால் கடல் கலங்கலாகவும் எரிச்சலூட்டுவதாகவும் இருக்கும். நீச்சல் தெரிந்தவர் சமாளித்துவிடலாம். ஒன்றரை மீட்டர், பதினாறு விநாடி என்றால், திறந்த கடலை நோக்கிய கரையில் உங்கள் குடும்பம் இறங்க வேண்டாம் என்பேன்.

இந்த நெடிய அலைகளிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினாறு விநாடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 45 கி.மீ. வேகத்தில், ஒரு நாளில் ஆயிரம் கி.மீ. அளவு பயணம் செய்யும். அதை எழுப்பிய புயல் எங்கோ பல நாள் தொலைவில் இருக்க, உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இராது. மே 2007இல் மாலத்தீவின் பல தீவுகளுக்குள் கடல்நீர் புகுந்தது இப்படித் தென் கடலில் பிறந்து வந்த அலைகளால்தான். மேலும் இவை சீராக வருவதில்லை. சிறிய அலைகளாகப் பத்து நிமிடம், சில வேளைகளில் அதற்கு மேலும் வந்துகொண்டிருக்கும். பிறகு ஐந்தாறு பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டுப் போகும். கரைக்கு வந்த உடனே கடலைப் பார்த்து முடிவெடுப்பவர் அந்த இடைப்பட்ட அமைதியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார். இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவே காரணம். பாறை மேடுகளில் நின்று படம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்: பாறை ஈரமாக இருந்தால், சற்று முன் அலை அந்த உயரம்வரை வந்து போயிருக்கிறது என்று பொருள்.

இடையே ஒரு சிறு எச்சரிக்கை. ஹவாயில் பழைய தலைமுறையினர் அலையைப் பின்புறத்திலிருந்து மதிப்பிடும் வழக்கம் உடையவர்கள். அவர்கள் நான்கு அடி என்று சொல்வது, முன்னே நிற்கும் உங்களுக்கு ஏறத்தாழ எட்டு அடிச் சுவராகத் தெரியும். அலை உயரத்தை யார் சொன்னாலும், எவ்வளவு ஆழத்தில் நிற்கும் ஆளின் தலையைத் தாண்டுகிறது என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது முக்கியமான பகுதி. ஒவ்வோர் அலையும் நீரைக் கரைப்பக்கம் தள்ளுகிறது. அந்த நீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பியாக வேண்டும். மணற்கரையில், நீருக்கடியிலுள்ள மணல்திட்டுகளுக்கு இடையே எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே அது ஒன்றுசேர்ந்து வாய்க்கால்போல் கடலுக்குள் பாய்கிறது. ரிப் கரண்ட் என்று சொல்லப்படும் இழுவை நீரோட்டம் இதுதான். அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம். ஆகவே அங்கே அலை உடைவதில்லை, நுரையும் குறைவு. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே மட்டும் கருநீலமாக, அலையில்லாமல் ஓர் இடம் தெரிந்தால், பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அதுதான் குளிக்கத் தோதான இடமாகப் படும். உற்றுப் பாருங்கள்: அந்த இடத்தின் மேற்பரப்பு வழுவழுப்பாக இராமல் சிற்றலைகளாகச் சிலிர்த்திருக்கும், கலங்கிய மணல் ஒரு பட்டையாக வெளிக்கடலை நோக்கி நீண்டிருக்கும், நுரைத் துண்டுகளும் சருகுகளும் கரைக்கு வராமல் மெல்ல அப்பால் நகர்ந்துகொண்டிருக்கும். உயரமான இடத்திலிருந்து, கண்ணைக் கூச வைக்கும் ஒளியைத் தடுக்கும் கறுப்புக்கண்ணாடி அணிந்து பார்த்தால் இது இன்னும் எளிதாகத் தெரியும்.

இந்த நீரோட்டம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும்; விநாடிக்கு 2.5 மீட்டர் வரையிலும் அளக்கப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தை ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் எதிர்த்துக் கடக்க முடியாது. ஆனால் அது யாரையும் நீருக்கடியில் இழுப்பதில்லை. மேற்பரப்பிலேயே அப்பால் கொண்டுபோகிறது. கரையை நோக்கி நேராக நீந்திச் சோர்ந்துபோவதால்தான் மூழ்குகிறார்கள். அதில் சிக்கினால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். கையை உயர்த்தி உதவி கேளுங்கள். வலு இருந்தால், கரைக்கு இணையாக, அலை உடைந்து நுரைக்கும் பக்கமாக நீந்துங்கள். கரைக்கு இணையாக நீந்துவது எப்போதும் பலிக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஜி.பி.எஸ். பொருத்திய மிதவைகளை விட்டு நடத்திய ஆய்வுகளில், பல இழுவை நீரோட்டங்கள் வட்டமாகச் சுழன்று பொருள்களை மீண்டும் ஆழமில்லாத பகுதிக்கே கொண்டுவந்ததும், சில மட்டும் நேராக வெளிக்கடலுக்குத் தள்ளியதும் தெரியவந்தன. ஒரு பக்கம் நீந்தி முன்னேற முடியவில்லை என்றால் மறுபக்கம் முயலுங்கள், அதுவும் இல்லையென்றால் மிதந்துகொண்டே இருங்கள்.

பவளப்பாறை சூழ்ந்த தீவுகளில் கணக்கு வேறு. பயணக் குறிப்புகள் பலவும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அலை பாறைத்தொடரைத் தாண்டி உள்ளிருக்கும் காயலில் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. காயல் நிரம்பினால், பாறைத்தொடர் எங்கே அறுந்திருக்கிறதோ அந்த வாயில் வழியாகத்தான் நீர் வெளியேறும். டஹிட்டி போன்ற தீவுகளில் வெளியே பெரிய அலை அடிக்கும் நாள்களில், ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறினாலும் வற்றினாலும் இந்த வாயில்களில் நீர் வெளிநோக்கியே பாயும். மாலத்தீவின் பவளத்தீவு வட்டங்களில் உள்ள வாயில்களிலும் நீரோட்டம் மிகக் கடுமை. அங்கே ஓதத்திற்கும் பருவக்காற்றுக்கும் ஏற்ப அதன் திசை மாறும். மணற்கரையின் இழுவை நீரோட்டம் அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் சற்றுத் தொலைவில் தளர்ந்துவிடும். பாறை வாயிலில் சிக்கியவரோ தொடருக்கு வெளியே, ஆழ்கடலில் போய் நிற்பார். அலை நுரைக்கும் பக்கமாக நீந்து என்ற அறிவுரையும் அங்கே ஆபத்தாகும், ஏனெனில் நுரைக்கும் இடத்தில் முழங்கால் ஆழ நீருக்கடியில் கூரிய பவளம் இருக்கிறது. அந்நிலையில் வாயிலுக்கு அப்பால் மிதந்தபடி படகுக்காகக் காத்திருப்பதே பெரும்பாலும் சரியான முடிவு. அதற்குக் கரையில் யாராவது உங்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

காயலுக்குள் குளிப்பவர் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. இடுப்பளவு நீரில் காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, கரையிலுள்ள ஒரு மரத்தைக் குறிவைத்தபடி ஒரு நிமிடம் அசையாமல் மிதந்து பாருங்கள். மரம் இருந்த இடத்திலேயே இருந்தால் நல்லது. ஒரு பக்கமாக நகர்வதுபோல் தோன்றினால், அந்த ஓட்டம் எந்த வாயிலை நோக்கிப் போகிறது என்று தெரிந்துகொள்ளும்வரை மேலும் போக வேண்டாம்.

நீச்சலே தெரியாதவரையும் தாக்கக்கூடியது கரையிலேயே உடையும் அலை. சரிவு செங்குத்தான கரைகளில் அலை தொலைவில் உடைந்து தணியாமல் கடைசி நொடியில் நிமிர்ந்து, சாண் ஆழமே உள்ள ஈரமணலில் தலைகுப்புற விழும். முன் அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போவதை உணர்வீர்கள். உடல் முன்னே சாயும். அதே நேரம் அடுத்த அலை எழுந்துவிட்டிருக்கும். ஒவாஹுவின் சாண்டி பீச் இதனாலேயே கழுத்து, முதுகெலும்புக் காயங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே அலை உயரம் ஒரு மீட்டர்கூட இருக்க வேண்டியதில்லை. இத்தகைய கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. பிள்ளைகளை நீரோரத்தில் உட்கார வைக்கக் கூடாது. தலைமுதலாகப் பாயவே கூடாது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தைச் சீவினாற்போல் நிமிர்த்தி வைப்பதால் அலைச்சறுக்கு வீரர்கள் அதை விரும்புவார்கள். காற்றடைத்த மெத்தையிலும் வளையத்திலும் மிதக்கும் பிள்ளைகளை அதே காற்று சத்தமில்லாமல் அப்பால் கொண்டுபோய்விடும். அத்தகைய பொம்மைகளைக் கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து பவளம் பார்ப்பதை எல்லோரும் பாதுகாப்பான பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். ஹவாயில் கடலில் உயிரிழக்கும் பயணிகளுள் ஏராளமானோர் அதைச் செய்துகொண்டிருந்தவர்களே. அலையே இல்லாத நீரிலும் இது நேர்வதை ஆராய்ந்தவர்கள், குறுகிய குழாய் வழியாக வலிந்து மூச்சிழுப்பதால் நுரையீரலில் நீர் கோத்து, ஆக்சிஜன் குறைந்து, ஆள் ஓசையின்றி மயங்கிவிடும் வாய்ப்பைச் சுட்டிக்காட்டினார்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. எல்லோருமே கால் ஊன்றக்கூடிய ஆழத்தில், துணையோடு தொடங்க வேண்டும். காரணமின்றி மூச்சு வாங்கினால் உடனே குழாயைக் கழற்றி, மல்லாந்து, நீரை விட்டு வெளியேற வேண்டும்.

மகனின் அலைச்சறுக்குக்கு வருகிறேன். பழகுபவருக்கு மணல் அடித்தளம், இடுப்பளவு நீர், ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் அலை ஆகிய மூன்றும் வேண்டும். வைக்கீகி, வெலிகம போன்ற இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் நிறைந்திருப்பதற்கு அலை அங்கே மெதுவாக உடைவதே காரணம். 2024 ஒலிம்பிக் அலைச்சறுக்குப் போட்டி நடந்த டஹிட்டியின் தெயாஹுப்போவைப் பார்த்துவிட்டு அதே கனவோடு வருகிறவர்கள் உண்டு. அங்கே ஆழ்கடலிலிருந்து எழும் நீர்ச்சுவர் ஆழமே இல்லாத பவளப்பாறையின்மேல் கவிழ்கிறது. பழகுபவர் அதை வாயிலில் நிற்கும் படகிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மணல் அடித்தளத்திலும்கூட, விழும்போது தலைகுப்புற விழாமல் உடலைத் தட்டையாக விரித்து விழவும், மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொண்டு வரவும் முதல் நாளே பழக வேண்டும். புதியவர்களைக் காயப்படுத்துவது பெரும்பாலும் சொந்தப் பலகையேதான். அலையைக் கண்டதும் பலகையை வீசிவிட்டு மூழ்குவது பின்னால் வருபவரின் மண்டையை உடைக்கும். அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது என்ற ஒழுங்கை எல்லாத் தீவுகளிலும் கடைப்பிடிக்கிறார்கள். பயிற்சி பெற்ற அலைச்சறுக்கு வீரர்கள் உள்ளே போவதற்கு அந்த இழுவை நீரோட்டத்தையே பயன்படுத்துவதை மகன் பார்ப்பார்; அவர்கள் போகிறார்களே என்று நீந்துபவர் பின்தொடரக் கூடாது.

கொடிகளைப் பொறுத்தவரை, மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரு பாதியாய் உள்ள கொடிகள் இரண்டுக்கு நடுவேதான் உயிர்காப்பாளரின் கண்காணிப்பு இருக்கும். தனிச் சிவப்பு கடும் ஆபத்தையும், இரட்டைச் சிவப்பு கடல் மூடப்பட்டதையும், ஊதா நிறம் கொட்டும் கடலுயிர்களையும் குறிக்கின்றன. வண்ணங்களின் பொருள் நாட்டுக்கு நாடு சற்று மாறலாம் என்பதால் கரைப்பலகையைப் படியுங்கள். கொடியே இல்லாத கரையில் கண்காணிப்பும் இல்லை என்றே கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர் கேட்கிறார் என்று உயிர்காப்பாளர்கள் சலித்துக்கொள்வதில்லை. எந்த இடத்தில் நீர் வெளியே போகிறது என்று கேட்டால் கைநீட்டிக் காட்டுவார்கள்.

கனமழைக்குப் பின் ஆற்றுமுகத்தில் கடல் பழுப்பாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கிருமிகளும் மரக்கட்டைகளும் ஒரு காரணம், கலங்கல் நீரில் சுறாக்கள் உலவுவது இன்னொன்று. ரீயூனியன் தீவில் அடுத்தடுத்து நேர்ந்த சுறாத் தாக்குதல்களுக்குப் பின் 2013இல் காயலுக்கும் கண்காணிப்புப் பகுதிகளுக்கும் வெளியே குளியலும் அலைச்சறுக்கும் தடைசெய்யப்பட்டன. மற்ற இடங்களில் சுறாவைவிடச் சொறிமீனே அன்றாடத் தொல்லை. ஒவாஹுவின் தென்கரையில் முழுநிலவுக்கு எட்டு முதல் பத்து நாள் கழித்துப் பெட்டி வடிவச் சொறிமீன்கள் வந்து சேர்வதைக் கணக்கிட்டே எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். அவை கொட்டினால் வினிகரை ஊற்ற வேண்டும். கல்போல் அடித்தரையில் கிடக்கும் நச்சுமீனான கல்மீனின் முள் குத்தினால் உடல் தாங்கும் சூட்டில், சுமார் 45 பாகைக்கு மிகாத நீரில் காலை அமிழ்த்தி வைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பவளம் கீறிய காயத்தைச் சிறிதென்று விட்டுவிடாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எச்சரிக்கை ஒலிக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

யாராவது நீரில் தத்தளித்தால், அவர் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மூழ்குபவருக்கு மூச்சிழுக்கவே நேரமிராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் திறந்து, கைகள் பக்கவாட்டில் நீரை அமுக்க, நின்றவாக்கில் ஓசையின்றி இருப்பார். அவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு பாய்ந்த உறவினரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. முதலில் உயிர்காப்பாளரை அழையுங்கள். பிறகு மிதக்கக்கூடிய எதையாவது, பலகையோ மூடிய குளிர்பெட்டியோ, அவரிடம் எறியுங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றாலும் மிதவை ஒன்றைப் பிடித்துக்கொண்டே போங்கள். கரை சேர்த்தவருக்கு மூச்சில்லை என்றால், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயன்று நேரத்தைக் கழிக்காமல், முதலில் வாய்வழியாக மூச்சு கொடுத்து, பின் 30 முறை மார்பை அழுத்துவதும் 2 முறை மூச்சு கொடுப்பதுமாக உதவி வரும்வரை தொடர வேண்டும். உயிர்பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டவருக்கும் இருமல் நிற்காமலிருந்தாலோ, மூச்சுவிடச் சிரமமாக இருந்தாலோ, விடுதிக்குப் போய்ப் படுக்க விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரலில் புகுந்த நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் கூடக்கூடும்.